மொட்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடும்

செல்போன் வந்த புதிதில் கொடைக்கானலில் போன் வைத்திருந்தவர்களில், மொட்டையைத் திட்டாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நான் அடித்துச் சொல்வேன்.

மொட்டை என்றதும் வழுக்கைத் தலையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தோள்வரை சுருள்முடி, அதற்கு மேல் ஒரு குரங்குக் குல்லா. ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில், ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை போட்டு, செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். புது சாஃப்ட்வேர் ஏற்றிய போனை உடனே ஃபேக்டரி ரீசெட் செய்து, உள்ளே இருப்பதை எல்லாம் வழித்தெடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்கு அவர் வைத்த பெயர் மொட்டை போடுவது. ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. சொந்தப் பெயரை நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

"பழனி அடிவாரத்துல பொறந்தவன் சார் நான். வேண்டுதல்னா முழு மொட்டைதான். பாதி முடிய வச்சுக்கிட்டு பாதிய எடுப்பீங்களா? பழைய குப்பை அப்புடியே கெடக்கு, அது மேல புது சாஃப்ட்வேர் எப்புடி சார் ஓடும்?"

நான் அப்போது ஒரு லாட்ஜில் வரவேற்பாளன். புது சாஃப்ட்வேர் போட்ட பிறகு என் போன் அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று அவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் போனில் ஒரு நம்பர்கூட இல்லை.

"யோவ், என் மாமனார் நம்பர் போச்சேய்யா!"

"நல்லதுதானே சார்?"

வட்டக்கானலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், "நோ மொட்டை! நோ மொட்டை!" என்று அலறியபடி ஏரிச் சாலை வரை ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். பின்னாலேயே ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, "ஒன் மினிட் சார்!" என்று மொட்டை. மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து பூண்டு விற்க வந்த ஒருவர், வியாபாரிகளின் நம்பரெல்லாம் பறிபோய் மூட்டையோடு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பூண்டை மொட்டையேதான் கூவி விற்றுக்கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், நானும் கடை வாசலில் நின்றிருந்த ஒருநாள், செல்லம்மாள் வந்து சேர்ந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்தவர். இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு தகவலும் இல்லை. போன வாரம் பழனி மலையில் தற்செயலாகச் சந்தித்த ஓர் இலங்கை யாத்திரிகர், அக்கா ராசம்மாளைத் தெரியும் என்று சொல்லி, நம்பரை இவர் போனில் பதிந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேசப் பயந்துகொண்டு செல்லம்மாள் மூன்று நாள் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் மகன் திண்டுக்கல்லில் போனுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து போன் எழுந்த வேகத்தில் படுத்துவிடுகிறது.

"அதுக்கென்ன, மொட்டை போட்டாச் சரியாயிரும்" என்று மொட்டை பொத்தானில் விரலை வைத்தார். செல்லம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாந்தம்பி. அந்த நம்பர் அழிஞ்சா எங்கக்கா எனக்குச் செத்த மாதிரிதான்."

மொட்டையின் விரல் அந்தரத்தில் நின்றது. அவர் தயங்கி நான் பார்த்தது அன்றுதான். சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதில் நம்பர் இல்லை.

"ஏலே, பேனா வச்சிருக்கவன்லாம் வெரசா உள்ள வாங்கலே!"

டீக்கடைக்காரர், ஒரு ஜீப் டிரைவர், நான் என்று மூன்று பேர் உள்ளே நெருக்கியடித்து நுழைந்தோம். மொட்டை போனை எழுப்பினார். வரவேற்புப் படம் ஆடி அசைந்து முடிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. பெயர்ப் பட்டியல் திறந்ததும் படுத்தது. பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மறுபடி போட்டார். 'அக்கா' என்ற பெயர் தெரிந்தது. நாலு எண் படிப்பதற்குள் மறுபடி இருட்டு. மூன்றாவது தடவை, ஆயக்குடி கொய்யா ஏலத்தில்கூடக் கேட்டிராத வேகத்தில் மொத்த எண்ணையும் ஒரே மூச்சில் கத்தி முடித்தார். போன் அணைந்தது. அதற்குப் பிறகு பேட்டரியைத் தேய்த்துப் போட்டும் எழவில்லை.

மூன்று சீட்டும் மூன்று விதமாக இருந்தன. டீக்கடைக்காரர் ஓர் எண்ணையே முழுங்கியிருந்தார். மொட்டை தன் போனிலிருந்து முதலில் நான் எழுதிய நம்பரைப் போட்டார். யாரோ ஒரு சிங்களக்காரர் எடுத்துக் கோபமாகத் திட்டினார். பதற்றத்தில் இரண்டு எண்களை நான் இடம் மாற்றி எழுதியிருந்தேன். மொட்டை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மிச்சம் ஜீப் டிரைவரின் சீட்டு. மணி அடித்தது. மொட்டை ஸ்பீக்கரைப் போட்டார்.

"ராசம்மாங்களா?"

"ஓமுங்க, யாரு கதைக்கிறது?"

செல்லம்மாள் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அக்கா, நாந்தான் செல்லம்மா."

"எந்தச் செல்லம்மா?"

"கப்பல்ல ஏறிப் போன செல்லம்மாக்கா."

அந்தப் பக்கமிருந்து வந்த அலறலில் நாங்கள் எல்லோரும் துள்ளிவிட்டோம். ஜீப் டிரைவர் ஓடிப்போய் ஹாரனை அடித்துத் தீர்த்தார். டீக்கடைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். மொட்டை எங்களை வெளியே தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கி, வாசலில் காவல் நின்றார்.

"என்னலே வேடிக்கை? போய்ச் சோலியப் பாருங்க!" என்று அதட்டிவிட்டு, குல்லாவைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு செல்லம்மாள் சம்மதத்தோடு போனுக்கு முழு மொட்டை. போன் பிழைத்துக்கொண்டது. அதில் ஏறிய முதல் நம்பர் அக்காவுடையது. கொள்கை அதற்குப் பிறகும் மாறவில்லை. ஆனால் நம்பர்களை எல்லாம் நோட்டில் எழுதி முடிக்காமல் யார் போனிலும் கை வைக்கமாட்டார்.

ராசம்மாளுக்குப் பதிவானது மொட்டையின் நம்பர். ஞாயிறுதோறும் காலையில் அவர் போன்தான் அடிக்கும். "ஒரு மணி நேரங் கழிச்சுக் கூப்புடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கடையைப் பூட்டி, பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போய்ச் செல்லம்மாள் கையில் போனைக் கொடுப்பார்.

"செல்லம்மா நம்பரையே குடுத்துரலாமேய்யா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே குடுத்துட்டேன் சார். அந்தம்மாதான், 'மொதல்ல ஒங்களோட ரெண்டு வார்த்தை கதைக்கணும் தம்பி'ங்குது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எனக்கு லாட்ஜில் விடுமுறை. அவரோடு நானும் பஸ் ஏறினேன். கொடைக்கானலை விட்டு வரும்வரை என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவரோடுதான் போயின.