வீட்டுக்குள் கோதுமை கொண்டுவருவது யார்?

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு சமையலறையில் ஒரு சத்தம். கறுக். கொஞ்சம் நின்றது. மறுபடி கறுக், முறுக்.

கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டுக்குப் பெருச்சாளி வந்து போவது உண்டு. மித்ராவை அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன். கையில் குடையோடு போய் விளக்கைப் போட்டேன்.

கவிழ்த்த பக்கெட்மேல் என் வீட்டுக்காரர். மடியில் டோஸ்ட் பிஸ்கட்.

இது ஏன் கொலைக்குற்றம் என்று சொல்லிவிடுகிறேன். மித்ராவுக்கு நாலு வயது. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் முடிந்து, சீலியாக் என்று தெரிந்து மூன்று மாதமாகிறது. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் துளிகூட ஆகாது. அதிலுள்ள குளூட்டன் அவள் குடலைக் கெடுக்கும்.

நான் டாக்டரிடம் அலட்டிக்கொண்டேன். "நாங்க இட்லி, சாதம் சாப்பிடற ஆளுங்க டாக்டர். எங்களுக்கு இது கஷ்டமே இல்ல."

போன வாரம் எடை பார்த்தார்கள். முள் நகரவில்லை. வயிறும் அப்படியே உப்பல்.

"எங்கேருந்தோ கோதுமை உள்ளே போயிட்டிருக்கு. கண்டுபிடிங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மித்ரா மூச்சு விடுகிறாளா என்றுகூட எழுந்து எழுந்து பார்க்கிறேன். அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தால் மட்டும்?

ஆகவே பக்கெட்மேல் உட்கார்ந்தவரை விசாரித்தேன். குழந்தைக்கு ஒரு துணுக்குகூடக் கொடுத்ததில்லை என்று சத்தியம் செய்தார்.

"வழக்கமா பாத்ரூம்லதான் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு சாப்பிடுவேன். இன்னிக்கு அங்க பல்பு போயிடுச்சு."

மூன்று மாதமாக இவருக்கு மலச்சிக்கல் என்று நினைத்து நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சரி, இவர் இல்லை. மிச்சம் ஒரே ஆள், மாடி வீட்டு பௌதி. வங்காளியில் பௌதி என்றால் அண்ணி. மித்ரா தினமும் சாயங்காலம் அங்கேதான் இருப்பாள். வந்த வாய் எதையாவது மெல்லாமல் திரும்பினால் பௌதிக்கு மனசே ஆறாது.

இன்று வேலை ஒன்றுதான்: பௌதி பாயசம் கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்குவமாகக் கேட்டுவிடுவது. வெறும் கிண்ணத்தைக் கொடுக்கக்கூடாதே என்று மிளகு ரசம் ஊற்றி எடுத்துப் போனேன்.

கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த நாசூக்கெல்லாம் மாடிப்படியிலேயே உதிர்ந்துவிட்டது. கதவு திறந்ததும், "குழந்தைக்கு பிஸ்கட் ஏதாவது குடுக்கறீங்களா பௌதி?" என்று கேட்டுவிட்டேன்.

பௌதி அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒரு தட்டு முழுக்க மித்ராவுக்கு. பொரி டப்பா, அரிசி மாவு, அவளுக்கென்றே வாங்கின சின்ன வாணலி. எல்லாவற்றிலும் வங்காளியில் மித்ரா என்று எழுதி ஒட்டியிருந்தது.

"நீ அன்னிக்கு இங்க உக்காந்து அழுதியே, அன்னிலேர்ந்து" என்றாள்.

எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பௌதியே கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, என்னவெல்லாம் போட்டாய் என்று கேட்டாள். பேச்சு மாறியதே என்று உற்சாகமாக அடுக்கினேன். புளி, மிளகு, சீரகம், பெருங்காயம்.

"ஹிங்கா? என் டப்பாவுல மைதா கலந்திருக்குன்னு போட்டிருக்கே. மித்ராவுக்குச் செய்யறதுல நான் அதைச் சேர்க்கறதே இல்ல. உன்னோடதுல இல்லையா?"

"இது எங்க ஊர்லேர்ந்து அம்மா அனுப்பறது பௌதி" என்றேன். ஊர்ப் பெருங்காயத்துக்கு வங்காள மைதாவோடு என்ன உறவு என்கிற தோரணையில்.

"போய்ப் படிச்சுப் பாரு."

போய்ப் படித்தேன். கான்வென்ட்டில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். மூன்று மாதத்தில் இந்த வீட்டுக்குள் வந்த கெச்சப், சாக்லேட், சோயா சாஸ் ஒவ்வொன்றின் பொடி எழுத்தையும் வரிவரியாகப் படித்தவள். இந்த மஞ்சள் டப்பாவை மட்டும் திருப்பியே பார்த்ததில்லை. பெருங்காயத்தை யாராவது சந்தேகப்படுவார்களா?

மைதா. தெளிவாகவே போட்டிருந்தது.

சாம்பாரில் போட்டேன். ரசத்தில் போட்டேன். அதோடு விட்டேனா? குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கிறதே, வாயுவுக்கு நல்லதாச்சே என்று தினமும் மோரிலும் ஒரு சிட்டிகை கலக்கிக் கொடுத்தேன். வயிறு இன்னும் உப்பியது. நான் சிட்டிகையை இரண்டாக்கினேன்.

டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அடுத்த மாதம் மறுபடி எடை பார்க்க வேண்டும். பயம் போகவில்லை, ஆனால் இப்போது அதற்கு ஒரு விலாசம் இருக்கிறது.

வீட்டுக்காரர் குப்பைக்கூடையை மரியாதையாக எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ என் பிஸ்கட் நிரபராதியா?" என்றார்.

மித்ரா தூங்கிய பிறகு பௌதி வந்து, பெரியவர்களுக்கு என்று மூடின தட்டில் நாலு லூச்சி வைத்துவிட்டுப் போனாள். புசுபுசுவென்று, வெள்ளை வெளேரென்று, சுத்த மைதா பூரி. அதைக் கண்ணால் பார்த்தே மூன்று மாதமாகிறது.

பாத்ரூமில் வீட்டுக்காரர் புது பல்பு மாட்டியிருந்தார்.

தட்டோடு உள்ளே போனேன். வெளியே மெதுவாகத் தட்டி, "ரெண்டையாவது மிச்சம் வை" என்றார்.

தாழ்ப்பாளைப் போட்டேன்.