கன்றுக் காவலிலிருந்து விடுதலை வேண்டி

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உங்கள் முதுகு நன்றாகவே இருக்கும். உங்கள் ஊரில் உங்கள் தங்கை இல்லையே!

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற மறு வாரமே, தெருமுனைப் பூங்காவில் மரக்கன்று நட ஒரு தொண்டர் குழுவைத் தொடங்கி, உங்கள் தங்கை தானே தலைவியானாள். என்னை யாரும் கேட்கவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழி தோண்டினேன். நட்டு முடித்தோம், போட்டோ எடுத்தோம், விட்டது சனி என்று வீட்டுக்கு வந்து படுத்தேன்.

எங்கே விட்டது! எங்கள் குழுவில் எல்லோருக்கும் கன்றுகள் மேல் அப்படியொரு பாசம். காலையில் நடக்க வரும் பேங்க் மேனேஜர் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். அது தெரியாமல் தையல்காரம்மா ஒரு வாளி. "ஐயோ பாவம், வாடிக் கிடக்கு" என்று பல் டாக்டர் ரப்பர் குழாயையே இழுத்து வந்துவிடுகிறார். சாயங்காலம் இதே வரிசை மறுபடியும். கன்று வாடுறது தண்ணி இல்லாம இல்ல மச்சான், தண்ணி தாங்காம. வேர் அழுகுது. அது வாட வாட இவங்க இன்னும் ஊத்துறாங்க. பாதிக் கன்று போயே போச்சு. அன்று உங்கள் தங்கை சாப்பிடவே இல்லை. மறுநாள் கூட்டம் போட்டு, தலைவி சொல்லும் நாளில் மட்டுமே தண்ணீர் என்று தீர்மானம். காவலுக்கு ஓர் ஆள் வேண்டுமே? எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சும்மா இருக்கிறவன் நான்தானே!

இப்போது பொழுது விடிந்தால் பூங்கா பெஞ்சுதான் என் ஆபீஸ். "ஒரே ஒரு சொம்பு சார், தொண்டை நனையட்டும்" என்று மேனேஜர் கெஞ்சுகிறார். "செடிக்கு ஏது சார் தொண்டை?" என்றேன், அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. தையல்காரம்மா கைப்பைக்குள் பாட்டிலை ஒளித்து வருகிறார். ஒரு பொம்பளை பையைச் சோதிக்கிற நிலைமைக்கு வந்துட்டேன் மச்சான், உங்க வீட்டு மாப்பிள்ளை! பல் டாக்டர் "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். வேலையில் இருந்த காலமெல்லாம் யாரிடமும் வாங்காத பேச்சு. வீட்டில் வந்து சொன்னால், "நாலு பேர் திட்டினா நீங்க வேலையை ஒழுங்கா பாக்குறீங்கன்னு அர்த்தம்"ங்கிறா உங்க தங்கச்சி.

முடியல மச்சான். உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் தட்டமாட்டாள். ஒரு போன் போட்டு, "மாப்பிள்ளையை விட்டுடும்மா" என்று சொல்லுங்கள். புண்ணியமாய்ப் போகும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டுத் தொட்டிச் செடிகளை யாரும் ரொம்ப நேசிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்தே களைத்துப்போன
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: நேற்று இதைத் தபாலில் போடக் கிளம்பி, பூங்கா வழியாகப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு கன்று தலை தொங்கி நின்றது. மனசு கேக்கல. ஒரே ஒரு பாட்டில்தான் ஊற்றினேன். நிமிர்ந்தால் உங்க தங்கச்சி நிக்கிறா. வேலியே பயிரை மேய்ந்தால் வேறென்ன செய்வாள், காவலைப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். போன் மட்டும் போடுங்கள், என்னை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி. அந்த டாக்டர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார் மச்சான், பின்னாலேயே மேனேஜர் குடத்தோட வர்றார். சீக்கிரம் போடுங்க. மிச்சம் இருக்கிறதே கொஞ்சந்தான்.