மண்ணை வறுத்த மாப்பிள்ளை

மண்ணைத் தின்றவர்கள் உண்டு, மண்ணைக் கவ்வியவர்கள் உண்டு. மண்ணை வறுத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

ஐம்பதுகளின் கடைசி. பூம்பாறைக்கு மேலே ஒரு சரிவில் பைன் மரங்களை வெட்டி முடித்த கையோடு காட்டுத்தீயும் பிடித்துக்கொண்டது. அங்கே நடுவதற்குப் பைன் நாற்று வளர்ப்பது என் வேலை. தாவரவியல் பட்டமும் கல்யாணமும் புதிது (இரண்டும் தலைக்கு ஏறியிருந்தன). கருகிய அந்த மண்ணிலேயே பாத்தி போட்டேன். நாற்றெல்லாம் மஞ்சளடித்தது.

ரேஞ்சர் வந்து பார்த்தார். “பழைய பைன் தோப்பு மண்ணை அள்ளிட்டு வந்து கலந்து விடுங்க. மழைக்குள்ள நாத்து தேறலைன்னா, இந்தச் சரிவு கரைஞ்சு உங்க மாமனார் பூண்டு வயல்லதான் வந்து கெடக்கும்.”

அள்ளி வந்தேன். மூட்டையைப் பிரித்தால் காளான் வாடை. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய் நூல். பூஞ்சை என்றால் நோய் என்று படித்தவனுக்கு உடம்பு கூசியது. ஆய்வகத்தில் சூடு காட்டித்தானே சுத்தம் செய்வோம்? கல்யாணச் சீராக வந்த அண்டாவில் மண்ணைக் கொட்டி அடுப்பில் ஏற்றினேன்.

“என்னங்க செய்றீங்க?” என்றாள் மனைவி.

“மண்ணைச் சுத்தம் பண்றேன்.”

“கடுகு, கறிவேப்பிலை தரட்டுமா?”

(சிரிக்காமல் கேட்பாள்.)

வறுத்ததையெல்லாம் பாத்திகளில் கலந்தேன். கடைசி மூட்டைக்கு விறகு தீர்ந்துபோனது. அதை மட்டும் அரைமனதாக ஓரத்துப் பாத்தியில் பச்சையாகவே கொட்டினேன்.

அந்த ஒரு பாத்திதான் தேறியது. மற்றதெல்லாம் காய்ந்தது. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர்நுனிகளில் அதே வெள்ளை நூல் உறைபோல் சுற்றியிருந்தது. அவமானத்தை மறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேருக்கு ஊட்டிவிடுவது இதுதானா? கோடரியும் தீயும் அந்தச் சரிவில் ஒழித்தது இதைத்தான். பழைய தோப்பில் பிழைத்துக் கிடந்ததை நான் அடுப்பேற்றியிருக்கிறேன்.

“மண்ணைக் கொண்டாரச் சொன்னா, வறுவலா போட்டீங்க?” என்றார் ரேஞ்சர்.

தேறிய நாற்றைச் சரிவின் ஒரு மூலையில்தான் நட முடிந்தது. மழையில் மீதிச் சரிவு கரைந்து கீழே மாமனார் வயலை மூடியது. அவர் அந்த வருஷம் பூண்டு போடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு வருஷாவருஷம் அந்த மூலையைக் கிளறிப் பார்த்தேன். நூல் மெல்லப் பரவியது. மழைக்குக் காளான் முளைத்தது. பெயர் தெரியாத பூச்சிகள் குடிவந்தன. மண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது, என் உதவி இல்லாமல்.

வீட்டில் உப்புமா என்றால் இன்றும் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள்: “வெரசா வாங்க, இந்தச் சோலிக்கு உங்களை விட்டா ஆள் ஏது?” பேரன் பேத்திகள் சிரிக்க, நான் போய்க் கரண்டியைப் பிடிப்பேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரவை வறுப்பது நான்தான்.