பின்தண்டு பிடித்த பெரியவர்

நரைவளநாட்டு மன்னர் இளங்கோமானுக்கு எண்பத்தெட்டு வயது. இளைஞர் நலத்துறை அமைச்சருக்கு அவரைவிட இரண்டு வயது அதிகம். நல்ல மனிதர்கள்தான், முதியவர்கள்மேல் அவர்கள் வைத்திருந்த பாசத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்தப் பாசத்தில் இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு சட்டம் போட்டார்கள். அறுபது நிறைந்த யாரும் இனிமேல் கால் நோக நடக்கக் கூடாது. ஆளுக்கொரு பல்லக்கு, அதைத் தூக்க இரண்டு இளைஞர்.

அப்போது நாட்டில் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் ஒருவனான தாண்டவனுக்கு வாய்த்த பெரியவர் அம்பலவாணர், அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் அளந்து ஓய்வு பெற்றவர். தனக்குச் சேர வேண்டியதில் ஒரு குன்றிமணிகூட விட்டுத்தர மாட்டார். மெத்தை கொஞ்சம் தட்டையானால் சபை வரைக்கும் போய்ச் சண்டை போடுவார். அதே மனிதர், தாண்டவன் இருமினால் பல்லக்கை நிறுத்தித் தன் சுக்குக் கஷாயத்தில் பாதியைக் கொடுப்பார். இப்படியே இருவருக்கும் காலம் ஓடியது.

சபைக்குத் தேர்தல் வந்தால் வரிசையில் நின்றவை எல்லாம் நரைத்த தலைகள். ஒரு கட்சி பல்லக்குக்குப் பட்டுத்திரை தருவதாகச் சொன்னது. மற்றொன்று உள்ளே வெற்றிலைப் பெட்டியும் வைப்பதாகச் சொன்னது. தொட்டிலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. தூக்குகிறவர்களுக்குக் கல்யாணம் செய்ய நேரமில்லை; செய்தவர்களுக்குப் பிள்ளை பெறத் தெம்பில்லை. பள்ளிக்கூடங்கள் தைலக் கிடங்குகளாயின. வயல்களில் கோரை மண்டியது. பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்குப் போனார்கள். தாண்டவனின் மகள் மயிலியும் போனாள்.

சபை கூடியது. "இது தேசத்தின் தோளையே கழற்றிக்கொண்டு ஓடும் செயல்!" என்றார் அமைச்சர். அறுபது நிறையாத எவரும் எல்லை தாண்டக் கூடாதென்று ஆணை வந்தது.

மயிலிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது தாண்டவனுக்கு ஐம்பத்தொன்பது. ஆடி பிறந்தால் அறுபது. பேரனுக்கென்று ஒரு கிலுகிலுப்பை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டான். ஆனி மாதத்தில் அரசு இளமையை அறுபத்தைந்து வரை நீட்டியது. "குடிமக்களுக்கு ஐந்தாண்டு இளமையை இலவசமாக வழங்கிய ஒரே அரசு!" என்று தெருத்தெருவாக முரசு அடித்தார்கள். அது போதாதென்று ஆடியில் எழுபதாக்கினார்கள்.

அதே வாரம் அம்பலவாணர் பல்லக்கின் பின்தண்டைத் தூக்கியவன் ஆற்றில் குதித்து நீந்திப் போய்விட்டான். மாற்று ஆள் நாட்டில் எங்குமே கிடைக்கவில்லை. சபை இதற்கும் வழி கண்டது. "ஆள் இல்லாத இடத்தில் சவாரி செய்பவரே பின்தண்டைப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் அவரது சவாரி உரிமை எவ்விதத்திலும் பாதிக்கப்படாது."

எண்பத்தைந்து வயது அம்பலவாணர் திட்டிக்கொண்டே தண்டைத் தோளில் வைத்தார். ஊரெங்கும் காலிப் பல்லக்குகள் போயின. மன்னர் மாடத்திலிருந்து பார்த்தார். "பல்லக்கு இல்லாமல் ஒரு முதியவராவது போகிறாரா, பாருங்கள்!" என்று கண் கலங்கினார்.

"ஏம்ப்பா தாண்டவா, நடை ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?" என்றார் அம்பலவாணர் பின்னாலிருந்து.

"எழுபது வரைக்கும் இந்த ஒடம்பு தாங்காதுங்கய்யா. பேரன் மொகத்தப் பாக்காமலே போயிடுவேன்."

அம்பலவாணர் தண்டைத் தோள் மாற்றிக்கொண்டார். "சவாரி சொல்ற எடத்துக்குப் பல்லக்கும் தூக்குறவனும் போயாகணும். சட்டம் அதானே? விடு ஆத்தங்கரைக்கு."

ஆற்றுப் பாலத்தில் எல்லைக் காவலர் பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தார். "சவாரி எங்க?"

"பின்னால நிக்கிறேனே, கண்ணு தெரியல? நான்தான்யா சவாரி."

காவலருக்குத் திருப்தி. "நல்லா சாஞ்சு உக்காந்து போங்க சாமி" என்று சலாம் வைத்து வழிவிட்டார்.

மயிலி வீட்டு வாசலில் பெரிய வரிசை, எல்லாம் கிழவர்கள். "இந்தத் தெருவுல இவன் ஒருத்தன்தாம்ப்பா கொழந்தை. தெனம் பாக்க வந்துடுறாங்க" என்று சொல்லி மயிலி குழந்தையை நீட்டினாள். தாண்டவன் வாங்கி நெஞ்சோடு அணைத்து விம்மி அழுதான். பிறகுதான் அந்தப் பிஞ்சுக் கையைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மஞ்சள் கயிறுகள்.

"காத்து கருப்பு அண்டாம இருக்கவா தாயி?"

"இல்லப்பா. இங்கயும் பல்லக்குச் சட்டம் வந்துடுச்சு. ஒரு கயித்துக்கு ஒரு பல்லக்கு. இவன் வளந்து தூக்கணும்."

அதற்குள் அதிகாரி ஒருவர் புதுக்கயிற்றோடு வந்து அம்பலவாணரைக் கும்பிட்டார். "எங்க மன்னருக்கும் பெரியவங்கன்னா உசுரு. தங்களுக்கும் ஒரு பல்லக்கு உண்டு. கட்டிடலாமுங்களா?"

தாண்டவன் குழந்தையை இறுக்கிக்கொண்டான். வருவதை வேண்டாமென்று சொல்லும் மனிதரா இவர்?

அம்பலவாணர் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வயசு பத்தாது தம்பி."

"தங்களுக்கு என்ன வயசுங்க?"

"அம்பத்தொம்போது" என்றார், ஒற்றைப் பல் தெரிய.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்படின்னா நீங்க இளைஞர். யாரையாவது தூக்கியாகணுமே?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன். தள்ளுய்யா அந்தாண்ட" என்று சொல்லிவிட்டு, அம்பலவாணர் தாண்டவனிடமிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.