முப்பத்தெட்டுக் கோட்டையும் ஒரு பின்னறையும்

அட்டவணையார் பத்து நாள் லீவு போட்டார். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உறவில் ஒரு விசேஷமும் இல்லை. அவர் ஒரு கண்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அட்டவணையார் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. பதினாறு வருடமாகப் போடுகிறார். அதன்படி ஒரு வண்டியும் ஒரு நாளும் கிளம்பியதில்லை. டிரைவர்கள் வைத்த பெயர் அது. மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கண்டம் இருந்தது கம்ப்யூட்டருக்குள். மனைவியின் தம்பி வாங்கிக் கொடுத்த போர் விளையாட்டு. முறை வைத்து ஆடுவது. நாம் நம் படையை நகர்த்திவிட்டு 'முறை முடிந்தது' என்ற பட்டனை அமுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் தன் படையை நகர்த்தும். பிறகு மறுபடி நாம். மொத்தம் நாற்பது கோட்டை, ஆரம்பத்தில் ஆளுக்கு இருபது. யாருடைய தலைநகரம் விழுகிறதோ அவர் காலி. ஏழு நிலைகளை அட்டவணையார் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார். எட்டாவதுதான் கடைசி. அதில் எதிரி நரைத்த தாடி வைத்த ஒரு ராஜா.

இந்தப் போர்கள் எல்லாம் நடந்தது வீட்டின் பின்னறையில். வீட்டிலேயே சமமான தரையும் பெரிய ஜன்னலும் உள்ள ஒரே அறை அதுதான். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவளுடைய தையல் மிஷின் குளியலறைக்கு வெளியே, நடையில் கிடந்தது. அங்கே தரை சரிவு, மிஷின் ஆடும். யாராவது குளித்துவிட்டு வந்தால் தைத்து வைத்த வெள்ளைச் சட்டைமேல் தண்ணீர் தெறிக்கும். வெளிச்சமும் கிடையாது. நாலு வருடமாக அவள் அந்த அறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக அவர் கொடுக்கவில்லை.

லீவின் முதல் நாள் காலையிலும் கேட்டாள்.

"என்னங்க, அந்த ரூம்ல ஒரு ஓரமாவது குடுங்களேன்."

"ஓரத்தைக் குடுத்தவன் நாட்டையே குடுத்த மாதிரி."

"நான் நாடா கேக்கறேன்? ஜன்னல் கேக்கறேன். ஊசில நூல் கோக்க கண்ணு தெரியல. சாயங்காலமானா தலைவலி."

"லைட் போட்டுக்கோ."

"மிஷின் ஆடுது. தையல் கோணிக்கிட்டுப் போகுது."

அட்டவணையார் பெருந்தன்மையோடு மேஜையைத் துழாவி, விளையாட்டுப் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதை மிஷின் காலுக்கடில வை."

"எப்படி ஆடணும்னு சொல்ற புஸ்தகமாச்சே. படிக்க வேண்டாமா?"

"நான் அட்டவணை எழுதறவன். அச்சுல வந்ததை எவனும் நம்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை இதுவாகத்தான் இருக்கும். அதையும் தப்பான இடத்தில் சொன்னார்.

போர் தொடங்கியது. அட்டவணையார் எல்லைக் கோட்டை ஒன்றை நோக்கி ஆயிரம் வீரர்களை அனுப்பிவிட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நரைத்தாடி சண்டைக்கு வரவில்லை. கடிதம் அனுப்பினான். 'மாவீரரே, தங்கள் படை வரும் தூசியைக் கண்டே நடுங்கிவிட்டோம். இந்தக் கோட்டையை ஆளும் தகுதி எமக்கில்லை. தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.'

அட்டவணையார் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, உன் கம்ப்யூட்டருக்கு முதுகெலும்பே இல்ல. கோட்டையைத் தட்டுல வச்சு நீட்டுது."

"கடைசி லெவலா மாமா? அதுல நிறையப் பேர் தோத்துட்டாங்கன்னு கடைல சொன்னாங்களே."

"யாரு தோத்தா?"

"ஒருத்தர் கணக்கு வாத்தியார்."

"அதான் பாத்தேன்."

நடையில் மிஷின் சத்தம் நின்றது. அவர் மனைவி குனிந்து, மிஷின் காலுக்கடியிலிருந்து அந்தப் புத்தகத்தை உருவினாள். நெடுநேரம் சத்தமே இல்லை. அட்டவணையார் அதைக் கவனிக்கவில்லை. வீட்டில் அமைதி நிலவினால் அது தன் ஆட்சியின் சிறப்பு என்று நினைக்கிற ரகம் அவர்.

இரண்டாம் நாள் அவள் டீயோடு வந்து, திரையை எட்டிப் பார்த்தாள்.

"அடேயப்பா, எத்தனை கோட்டைங்க இது?"

"இருபத்து மூணு."

"நீங்க ஆளப் பொறந்தவங்க. நான் ஒரே ஒரு சமையலறையை வச்சுக்கிட்டு முழிக்கறேன். எதை முன்னாடி செய்யணும், எதைப் பின்னாடி செய்யணும்னு ஒண்ணுமே புரியல."

அட்டவணையாரின் முதுகு தானாக நிமிர்ந்தது. கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. அவருக்கு உள்ளூர இனித்தது.

"அதுக்கெல்லாம் ஒரு அட்டவணை வேணும்மா."

"போட்டுத் தருவீங்களா?"

"போட்டா மட்டும் போதாது. நடத்திக் காட்டணும்."

"அந்தத் திறமை எனக்கு ஏதுங்க?"

இப்படியாகச் சமையலறை ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் அட்டவணையார் வசமாயிற்று. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆறு பத்துக்குக் கண்ணீர் விட்டார். அது அட்டவணையில் இல்லை.

அந்தப் பக்கம் நரைத்தாடி கடிதம் மேல் கடிதம் போட்டான். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு கோட்டை. இந்தப் பக்கம் மனைவி. துணி துவைப்பதை யாராலும் இவரைப் போல் திட்டமிட முடியாது என்றாள், துணி வந்தது. மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தர ஒரு நிர்வாகி வேண்டும் என்றாள், பின்னம் வந்தது. மாடி வீட்டுக்காரர் முரட்டு மனிதர், பொதுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் விஷயத்தில் அவரோடு பேச இவரைப் போல் ஓர் ஆள் உண்டா என்றாள். பேசப் போன அட்டவணையார், தொட்டியைக் கழுவும் பொறுப்பையே வாங்கிக்கொண்டு வெற்றிகரமாகத் திரும்பினார்.

பின்னறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இது அவருக்குப் பரம திருப்தி.

"உங்க அக்கா அடங்கிட்டா மாப்ள. எல்லாம் பழக்கற விதத்துல இருக்கு."

"அக்காவா?" என்றான் மச்சினன். "நல்லாப் பாத்தீங்களா மாமா?"

ஆட்டத்தில் ஒரு சின்னத் தொல்லை இருந்தது. தலைநகரம் தவிர, கையிலிருந்த ஒவ்வொரு கோட்டையிலும் இருநூறு பேரைக் காவலுக்கு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கலகம் செய்வார்கள். முப்பது கோட்டைக்கு ஆறாயிரம் பேர். ஆள் போதவில்லை. அட்டவணையார் தலைநகரத்திலிருந்து இருநூறு இருநூறாகக் கிள்ளி அனுப்பினார். அகலக்கால் வைக்காதே என்பார்கள். அவருக்கு அப்போது முப்பது கால்.

வீட்டிலும் அதே கதைதான். ஐந்து நிமிடம் திரைமுன் உட்கார்ந்தால் குக்கர் கத்தும். குக்கரை அடக்கினால் மகள் கத்துவாள். பின்னறை பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

எட்டாம் நாள் மனைவி வந்து வரைபடத்தை உற்றுப் பார்த்தாள். அவள் நியாயமானவள். எச்சரிக்காமல் அடிப்பது அவளுக்குப் பிடிக்காது.

"இது உங்க தலைநகரம்தானே? ஒருத்தரையும் காணோமே."

"அங்க நான் இருக்கேன்ல?"

"நீங்க எங்கங்க இருக்கீங்க? மொட்டைமாடில துணி காயப் போட்டுட்டு இருந்தீங்க."

"ராஜா எங்க இருந்தாலும் ராஜாதான்."

"அதுவும் சரிதான்" என்று அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் விடிந்தது. நரைத்தாடியிடம் மிச்சம் ஒரே கோட்டை, அவனுடைய தலைநகரம். அட்டவணையாரிடம் முப்பத்தொன்பது. கையிருப்பில் இருந்த கடைசி வீரர்கள் வரை அனைவரையும் அந்த ஒற்றைக் கோட்டையை நோக்கி ஏவினார். அப்போது மணி பத்து. மொட்டைமாடியிலிருந்து மாடி வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். பத்து மணிக்குத் தொட்டி கழுவுவது என்று அட்டவணை போட்டவர் இவரேதான்.

"போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி. "ஆட்டம் எங்க ஓடிப் போகுது?"

அட்டவணையார் 'முறை முடிந்தது' பட்டனை அமுக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரஷ்ஷோடு தொட்டிக்குள் இறங்கினார். மாடி வீட்டுக்காரர் மேலே நின்று வாளி வாளியாகச் சேற்றை வாங்கினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

முழங்கால்வரை சகதியோடு இறங்கி வந்தபோது தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. திசை மாறிக் கேட்டது. நடையில், குளியலறை வாசலில், அவருடைய கம்ப்யூட்டர் மேஜை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கீபோர்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர். திரையில், அவருடைய சிம்மாசனத்தில், கால்மேல் கால் போட்டு நரைத்தாடி உட்கார்ந்திருந்தான். கீழே ஒரு கடிதம். 'மாவீரரே, தங்கள் தலைநகரத்தின் கதவு திறந்திருந்தது. ஒரே ஒரு குதிரையில் வந்தேன். மற்ற முப்பத்தெட்டுக் கோட்டையும் தங்களுடையவையே. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அட்டவணையார் பின்னறை வாசலுக்கு ஓடினார். ஜன்னல் வெளிச்சத்தில் மனைவி ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள்.

"யாரு இதை நகத்தினது?"

"நானும் மாடி வீட்டு அக்காவும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"நீங்க தொட்டிக்குள்ள இருந்தீங்க."

"இது என் ரூமு."

"யாருங்க இல்லேன்னா? சமையலறை உங்களுது. துணி உங்களுது. தொட்டி உங்களுது. இந்த ரூமும் உங்களுதுதான். நான் சும்மா ஓரமா உக்காந்து தைக்கறேன்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் மடத்தைக் கொடுத்துவிட்டு இடத்தைப் பிடுங்கிவிட்டாள். அட்டவணையார் போனை எடுத்தார். நியாயம் கேட்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான்.

"மாப்ள, உன் விளையாட்டுல ஏதோ கோளாறு. ராஜான்னா சண்டை போடணும். இவன் குடுத்துக்கிட்டே இருந்து கடைசில அடிக்கறான்."

"கடைல கேட்டுட்டேன் மாமா. கோளாறு இல்லையாம். கடைசி லெவல்னா அப்படித்தானாம்."

அவர் போனை வைத்தபோது மனைவி நடைக்கு வந்தாள். கையில் அந்தச் சின்னப் புத்தகம்.

"அந்த ரூம்ல தரை சமமா இருக்கு. எனக்கு இது வேண்டாம். உங்க மேஜைதான் ஆடுது, காலுக்கடில வச்சுக்கோங்க."

அட்டவணையார் அதைப் பிரித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் துணியில் அடையாளம் போடுகிற நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு. 'எட்டாவது நிலையில் எதிரி சண்டை போட மாட்டான். புகழ்வான், கொடுப்பான். வாங்கிக்கொண்டே போகிறவர்கள் தங்கள் தலைநகரத்தைக் கவனித்துக்கொள்ளவும்.'

"முதல் நாளே படிச்சிட்டியா?"

"நாலு வருஷம் சண்டை போட்டுப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல. சரி, இதையும் பாப்போமேன்னுதான்." அவள் சுவரில் அவர் ஒட்டியிருந்த சமையலறை அட்டவணையை நிமிர்ந்து பார்த்தாள். "மணி பன்னிரண்டே கால். பன்னிரண்டு இருபதுக்கு அடுப்பு பத்த வைக்கணும்னு போட்டிருக்கீங்க."

அட்டவணையார் காலைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனார். பதினாறு வருடத்தில், அவர் போட்ட நேரப்படி கிளம்பிய முதல் வண்டி அதுதான்.