புகைக்கு ஏற்ற வினைச்சொல்

வீடு பற்றி எரிந்தால் தண்ணீர்க் குடத்தைத் தேடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். தலைதெறிக்க ஓடுகிறவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. "நெருப்பை அணைங்க" என்று நீங்கள் கத்தினால், அணைப்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல் பொருத்தம் என்பதை நின்று நிதானமாக விளக்கிவிட்டுத்தான் அது வழி விடும். பெங்களூரில் இந்த ரகம் அமோகமாக விளைகிறது. அடுக்குமாடிச் சங்கம் எங்கே உண்டோ அங்கே ஒருவராவது இருப்பார். நாம் பார்க்கப்போகிறவர் பெயர் கோதண்டராமன்.

மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்து, ஓர் அரசு நிறுவனத்தில் அடுத்தவர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களை அடித்துத் திருத்தியே ஓய்வு பெற்று, மகன் வாங்கிப்போட்ட வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டுக்குக் குடிவந்து, வந்த வேகத்தில் சங்கச் செயலாளராகவும் ஆகிவிட்டவர். ஆங்கிலம் மொத்தமும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் அடக்குவது, ஒடுக்குவது, தடுப்பது சம்பந்தமான சொற்கள் என்றால் உயிர். கொட்டாவியை ஸ்டைஃபில் செய்ய வேண்டும், கலவரத்தை க்வெல் செய்ய வேண்டும், செலவைக் கர்ப் செய்ய வேண்டும். தெரிந்தே விழுங்குகிற கோபத்துக்கு சப்ரெஸ், தெரியாமலே மனசுக்குள் புதைந்துபோன கோபத்துக்கு ரிப்ரெஸ், இரண்டையும் மாற்றிச் சொன்னவன் மனுஷனே இல்லை. 'கன்ட்ரோல்' என்ற சொல்லைக் கேட்டாலோ அவருக்கு வேப்பங்காய். லிஃப்டில் ஒருவர் மேல் நாய் பாய்ந்தபோது, "கன்ட்ரோல் யுவர் டாக்" என்று அலறிய அந்தப் பாவியிடம், ரெஸ்ட்ரெய்ன் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர் இவர். அதற்குள் நாய் பேண்ட்டைக் கவ்விவிட்டது.

இப்படிப்பட்டவர் கையில்தான் வித்யாலட்சுமியின் பிள்ளை மாட்டிக்கொண்டான்.

வித்யாலட்சுமி வாணியம்பாடிப் பெண். ஐடி வேலை, பி பிளாக்கில் தரைத்தள வீடு, யுவன் என்று கைக்குழந்தை. கரண்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகைக்குழாய் அவள் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். புகை உள்ளே வரும், பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். குழாயை மொட்டைமாடி வரைக்கும் நீட்டிவிட்டால் தீர்ந்தது. ஆளைக் கூப்பிட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை. அவளும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், தயவுசெய்து ஜெனரேட்டர் புகையை 'கன்ட்ரோல்' பண்ணுங்கள், பிள்ளைக்கு வீசிங் வருகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

கோதண்டராமனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பிள்ளைக்காக என்று நினைத்தீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். அவருக்குச் சுருக்கென்று குத்தியது 'கன்ட்ரோல்'. காபி ஆறுவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து பதில் எழுதினார். சத்தம் என்றால் மஃபில், புகை என்றால் கன்டெய்ன், அதையே எமிஷன் என்று சொன்னால் கர்ப். மூச்சுமுட்ட வைக்கிற ஸ்மதர் மட்டும் இங்கே ஆகாது. ஏனென்றால் புகைதான் குழந்தையை ஸ்மதர் செய்யுமே தவிர, நாம் புகையை அல்ல. உதாரணத்தை எழுதும்போதாவது அவருக்கு உறைத்ததா? உறைக்கவில்லை. உதாரணம் கச்சிதமாக அமைந்துவிட்டதே என்று பூரித்துப்போனார். குழுவில் கட்டைவிரல்கள் வரிசையாக எழுந்தன.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். எந்த வேலையானாலும் முதலில் கிளப் ஹவுஸ் டிவியில் தீர்மானத்தை ஆங்கிலத்தில் போட்டு, எல்லோரும் சொல் சொல்லாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கூடுகிறவர்கள் தமிழர்களும் கன்னடர்களும். வம்பு பேசுவது, சண்டை போடுவது, மத்தூர் வடை இன்னொன்று கேட்பது எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும்தான். தீர்மானம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் செல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை வித்யாலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கர்ப் என்று ஒரு கட்சி, கன்டெய்ன் என்று ஒரு கட்சி, இரண்டுமே வேண்டாம், கடுமையைத் தணிக்கிற மிட்டிகேட் போடலாம் என்று இரண்டு மென்பொருள்காரர்கள். கோதண்டராமன் நடுவில் நின்று, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி, ஒவ்வொருவரிடமும் போய்க் குறை கேட்டார். இரண்டாம் மாடி டோரதி மட்டும் எழுந்து, எந்த எழவு வார்த்தையோ போட்டுத் தொலையுங்கள், குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். டோரதி மேடம் உணர்ச்சிவசப்படுகிறார் என்று கூட்டக் குறிப்பில் பதிவானது.

கடைசியில் வித்யாலட்சுமி அவர் பக்கத்திலேயே வந்து நின்றாள். "அங்கிள், வார்த்தை எதுனா போட்டுக்கோங்க. பைப்பை மட்டும் மேல ஏத்திடுங்க. கரண்ட் போச்சுனாலே எம் புள்ளைக்கு மூச்சு இழுக்குது."

"சொல்ப, கொஞ்சம் பொறும்மா. ரெசல்யூஷன் தப்பாப் போச்சுன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

ஜெயித்தது கர்ப். 'எமிஷனைச் சங்கம் கர்ப் செய்யத் தீர்மானிக்கிறது' என்று டிவியில் எழுத்து மின்னியது, எல்லோரும் கைதட்டினார்கள். யார் செய்வது, என்றைக்குச் செய்வது, குழாய்க்காரனை யார் கூப்பிடுவது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மூளைகளில் ஒன்றுக்காவது அது தோன்ற வேண்டுமே. வடை தீர்ந்ததும் கலைந்தார்கள். கோதண்டராமன் அன்று மத்தியானம் சந்தோஷமாகத் தூங்கினார்.

அடுத்த மழைக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, யுவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மறுநாள் குழுவில் அவன் அப்பா, வீசிங் இப்போது 'கன்ட்ரோலில்' இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை எழுதினார். கோதண்டராமனின் விரல் பரபரத்தது. பாதி டைப் பண்ணியும்விட்டார். பிறகு, வேண்டாம், பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அழித்தார். தன்னைத் தானே ரெஸ்ட்ரெய்ன் செய்துகொண்டதாக மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டிப்பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. குழாய்க்காரனுக்குப் போன் போடவும் தோன்றவில்லை.

மாதம் முடிவதற்குள் வித்யாலட்சுமி தமிழிலேயே எழுதினாள்: "நாங்க வீடு காலி பண்றோம். ஒரு பைப்புக்கு ஆள் கூப்பிடச் சொன்னேன். இத்தனை பேர்ல ஒருத்தரும் கூப்பிடலை."

கோதண்டராமன் இரண்டு தடவை படித்தார். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத செய்தியை என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. அரைமணி நேரம் யோசித்து, எல்லா உறுப்பினர்களுக்கும் புரிய வேண்டுமே, தயவுசெய்து ஆங்கிலத்தில் பதிவிடவும் என்று எழுதினார். அதற்கும் கட்டைவிரல்கள் எழுந்தன. வீட்டுக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. குழாய் அதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறது.

கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: மிட்டிகேட்தான் சரி, கிழவருக்குத் தெரியவில்லை என்று நடுவில் ஓர் இடத்தில் முணுமுணுத்தீர்களா இல்லையா? முணுமுணுத்தால் தப்பில்லை, உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வருகிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை.