உங்கள் நைனா பத்திரமாக இருக்கிறார்

நாயுடுபேட்டையில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சிவசங்கரன் அவர்களுக்கு, நகரியிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் தனசேகர் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், தேவசேனா, மகள் பிரீத்தி, நாலு தறி எல்லாரும் நலம். உங்கள் நைனா ரொம்ப நலம். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், மீதியை அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது.

போன வாரம் மாமாவை என்னிடம் ஒப்படைத்தபோது, "தனசேகரு, எங்க நைனாவ எப்டி அனுப்புறனோ அப்டியே திருப்பிக் குடுக்கணும். ஞாயித்துக்கெழம வந்து எண்ணிப் பாத்துதான் இட்டுக்கினு போவேன்" என்றீர்கள். ஒரே ஆளை எப்படி எண்ணுவது என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

திருப்பதியில் வேண்டுதல் நல்லபடியாக முடிந்தது. மூட்டுவலி குறைந்ததற்காக மாமாவுக்கு மொட்டை, துணைக்கு எனக்கும் மொட்டை. தலையில் சந்தனம், இடுப்பில் மஞ்சள் வேட்டி. மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த தேவசேனா, வேனில் முன் சீட்டில் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தவள்தான். அந்தத் துண்டை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும். நேராக வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. புத்தூர் வந்ததும் பிரீத்திதான் என்னிடம், "நைனா, கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு ஜமீன் பங்களா கீது, தோட்டத்தோட. எல்லாரும் போட்டோ புடிச்சிப் போடறாங்க, நாமளும் போலாம்" என்றாள்.

அந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், அவசரப்படாதீர்கள். வாசல் அகலத்துக்கு நம்ம நாலு தறியையும் வரிசையாக உள்ளே தள்ளலாம். கூடத்தில் எதிரே ஒரு மொட்டைக்காரர் வந்தார். வழிவிட்டு ஒதுங்கினேன், அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். "நீங்க போங்க சார்" என்று கையைக் காட்டினேன், அவரும் காட்டினார். பின்னாலிருந்து உங்கள் நைனா, "இன்னா மாப்ள, கண்ணாடிக்கெல்லாம் மரியாத குட்த்துக்கினு கீற? எனக்கும் கொஞ்சம் குடேன்" என்றார். மொட்டை போட்ட அன்றைக்குத் தன் முகமே தனக்கு அடையாளம் தெரியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

தோட்டத்தில் மாமர நிழலில் புளிசாதம் துன்னுவிட்டு மாமா ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் குளம், கிணறு, ஜமீன்தார் குதிரை கட்டிய இடம் எல்லாம் சுற்றிவிட்டு வந்தேன். வேன்காரர் ஹார்ன் அடித்தார். பெஞ்சில் மொட்டை, சந்தனம், மஞ்சள் வேட்டி. "மாமா, போலாம்" என்று கையைப் பிடித்தேன், உடனே எழுந்து வந்தார். உங்கள் நைனா ஒரு தடவை கூப்பிட்டதும் எழுந்து வந்ததாக உங்கள் வீட்டில் யாராவது சொல்ல முடியுமா? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பின் சீட்டில் ஏற்றினேன். பிரீத்தி பக்கத்திலேயே காதில் பாட்டும் கையில் போனுமாக, அன்று எடுத்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புத்தூரில் டீ வாங்கிக் கொடுத்தேன். "சக்கர வோணாம் தம்பி, எனக்கு சுகர் கீது!" என்று கடையே திரும்புகிற மாதிரி ஒரு குரல். மூன்று ஸ்பூன் போட்டாலும் போதாது என்கிறவராச்சே உங்கள் நைனா! தேவசேனா துண்டை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, இது யாரு?"

"உங்க நைனா."

"எங்க நைனாவ எனக்குத் தெரியாதா? இது யாருங்க?"

பெரியவர் நிதானமாக டீயை ஊதிக் குடித்துவிட்டு, "எங்க வண்டில ஏசி இருந்துச்சே, நிறுத்திட்டீங்களா?" என்றார். அவர் பெயர் கன்னையா, ஊர் வரதய்யபாளையம், காது சுத்தமாகக் கேட்காது. "கையப் புடிச்சி யாரு கூப்ட்டாலும் போயிடுவேன் தம்பி, எதுக்கு வம்பு" என்றார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணுவது கண் முன்னால் வந்தது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் புத்தூரிலேயே இருப்பது எவ்வளவு வசதி என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துக்கினேன்.

வேனைத் திருப்பினோம். பாதி வழியில் எதிரே ஒரு கார் விளக்கை விட்டு விட்டு எரியவிட்டுக்கினு வந்தது. கதவு திறந்தது. முன் சீட்டில் உங்கள் நைனா, கையில் பஜ்ஜி. "இன்னா மாப்ள, அதுக்குள்ள வந்துட்ட? முறுக்கு இப்பதான் பிரிச்சாங்க!"

"மாமா, அவங்க வண்டில எதுக்கு ஏறினீங்க?"

"கொளத்துல காலு கழுவிக்கினு வந்தா உன் வேன காணோம். இவங்க பெரியவரக் காணோம்னு அயுதுகினு இருந்தாங்க. பாவமா இருந்துச்சி, ஏறிக்கினேன்."

மச்சான், நடுரோட்டில் நின்று அழுதேன். கன்னையா வீட்டு மருமகள் ரோஹிணியும் அழுதாள். இந்தத் தடவை பெயர், ஊர், எத்தனை ஸ்பூன் சர்க்கரை எல்லாம் கேட்டுத்தான் ஆளை வாங்கினேன். பெரியவர்கள் இரண்டு பேரும் புளியமரத்தடியில் காதோடு வாய் வைத்துத் தனியாகக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரி சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை.

ஆகவே நீங்கள் அனுப்பியபடியே நைனா இருக்கிறார், முடி மட்டும் ஏழுமலையானிடம். நெஞ்சில் இருந்த கல்லை இறக்கிவிட்டு, மூன்று நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். உங்கள் வீட்டில் ரத்னம்மா அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு வெங்கடாசலபதி நல்ல புத்தியும் தலை நிறைய முடியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும்
தனசேகர்

பி.கு: கவரை ஒட்டுவதற்குள் ரோஹிணி போன் செய்தாள். கடைத்தெருவுக்கு என்று காலையில் கிளம்பிய மாமா வரதய்யபாளையத்தில் பஜ்ஜி துன்னுகினு இருக்கிறாராம். கவலை வேண்டாம், கன்னையா பெரியவர் இங்கே வந்துவிட்டார். "ஊட்ல ஒண்ணும் காதுல வியறதில்ல தம்பி. உங்க தறிச் சத்தம் செவுடனுக்கும் கேக்கும்னு உங்க மாமா சொன்னாரு. நல்லாவே கேக்குது" என்று தறிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரதய்யபாளையம் போய்விடுங்கள், உங்களுக்கு வழியும் குறைச்சல். இல்லை, இங்கேதான் வந்து எண்ணுவேன் என்றால் வாருங்கள், எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.